மாமி குடியிருக்கும் பெட்டி

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவான். நான் நிந்தவூரில் பிறந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். பஸ்ஸில் ஏறி, நடத்துனரிடம் மிச்சக் காசு வாங்குவதற்குள் இறங்க வேண்டிய தூரம்தான். ஆனாலும் இந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் மனைவியிடம் கேட்டுத்தான் அடிக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாடசாலையில் நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிக் கணிதம் படிப்பிக்கிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் அடங்கியிருக்க ஓர் இடம் வேண்டும்தானே.

வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்று என் மனைவியுடையது, மற்றது அவளுடைய தங்கையுடையது. நடுவில் ஒரு மதில். அந்த மதிலில் ஆள் புகுந்து வரும் அளவுக்கு ஓர் இடைவெளி. மாமி, அதாவது மனைவியின் உம்மா, மௌத்தாகி அடக்கமாகும்வரை எங்களோடுதான் இருந்தார். இருந்தார் என்றால், கதவுக்குப் பின்னால் இருந்தார். மருமகன் முன்னால் மாமி வந்து நிற்பது அந்தக் காலத்து ஆட்களுக்கு வெட்கம். எனக்குச் சமைத்தார், என் சட்டைக்குப் பொத்தான் தைத்தார், காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்து அனுப்பினார். எல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்துதான்.

மனைவி வீட்டில் இருந்தால் அவள் வழியாகக் கேள்வி வரும். அவள் இல்லாத நேரத்தில் என்ன செய்வது? வீட்டில் ஒரு பூனை இருந்தது. நான் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்து மாமி பூனையிடம் கேட்பார்: "மருமகனுக்கு மீன் காணுமா எண்டு கேளு." எனக்குப் போதும்தான். நானும் பூனையைப் பார்த்து, "காணும் எண்டு சொல்லு" என்பேன். பூனை என் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கால் ஒரு கை நீளும், அந்தக் கையில் இன்னொரு துண்டு மீன் இருக்கும். இப்படியே பல வருடங்கள் நாங்கள் மிகவும் மரியாதையாகக் கதைத்துப் பழகினோம். பக்கவாட்டில், முந்தானை நுனிக்கு மேலாகப் பார்த்ததைத் தவிர, அவருடைய முகத்தை நேருக்கு நேர் நான் பார்த்ததில்லை.

மாமிக்குப் படம் எடுப்பதும் பிடிக்காது. பழைய அல்பத்தில் இருந்த ஒன்றிரண்டையும் சுனாமியன்று கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டும். அதில் அவர், செய்யாத குற்றத்துக்குப் பொலிசில் நிற்கிறவர் மாதிரி இருக்கிறார்.

அவர் சிரிக்கிற, கதைக்கிற ஒரே இடம் எங்கள் கல்யாண டீவீடி. அதுவும் பெண்கள் பக்கத்து டீவீடி. இதை வெளியூர் ஆட்களுக்குக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கத்தை ஒரு பெண்தான் கமராவில் எடுப்பாள். அதில் முக்காடு சரிந்திருக்கும், பாட்டு இருக்கும், கேலியும் பகிடியும் இருக்கும். அதைப் பெண்கள்தான் பார்க்கலாம். மாப்பிள்ளையாகிய நானே அதைப் பார்த்ததில்லை. பால் பழம் கொடுப்பதற்காக என்னை உள்ளே கூட்டிப்போனபோது, தலையைக் குனிந்துகொண்டு போய், பால் கோப்பையை மணப்பெண்ணின் சாரியில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன். அந்தக் காட்சியும் டீவீடியில் இருப்பதாகக் கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை பெருநாள் பின்னேரம் அக்காவும் தங்கையும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் வரும். பால் கொட்டிவிட்டது என்று நான் விளங்கிக்கொள்வேன். மற்ற நாட்களில் டீவீடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். திறப்பு, வெளியூர்ப் பேச்சில் சாவி, மனைவியின் இடுப்பில்.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று சிரிப்புச் சத்தம் வரவில்லை. மனைவி வெளியே வந்து என் முன்னால் கதிரையில் அமர்ந்தாள்.

"உம்மா நிண்டுட்டா" என்றாள்.

"எங்க?"

"படத்துக்குள்ள. உம்மா கதைக்க வாய் தொறக்கிறா. அப்பிடியே நிண்டுட்டா. மறுகா கட்டம் கட்டமா ஒடஞ்சி போறா."

டீவீடியைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஓரத்தில் பூச்சு உரிந்து, உப்புக் காற்று தின்ற தகரம் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் முழுவதும் போய்விடும். கடையில் கொடுத்துப் பிரதி எடுக்கலாமே என்று யாரும் கேட்கலாம். கடையில் இருப்பது ஆண். அவன் பார்க்காமல் பிரதி எடுக்க முடியாது. அதற்கு மனைவி உயிர் போனாலும் சம்மதிக்க மாட்டாள். அவளுடைய கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது.

"என்னட்ட விடு" என்றேன்.

என் வாழ்க்கையில் நடந்த பல சேதங்களின் முதல் வசனம் அதுதான்.

இதற்கென்றே விற்கிற ஒரு பெட்டியைப் பற்றி நான் முன்பே படித்து வைத்திருந்தேன். வீட்டு ரௌட்டரோடு சேர்த்துவிட்டால், கம்பி எதுவும் இல்லாமல் எல்லாப் போனிலும் லெப்டொப்பிலும் டீவியிலும் திறக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க் பெட்டி. போன்களில் நிரம்பி வழிகிற படங்களை அது தானாக இழுத்து வைத்துக்கொள்ளும். கல்முனையில் ஒரு கடை, அக்கரைப்பற்றில் இரண்டு கடை என்று ஏறி இறங்கினேன். கடைக்காரர்களுக்கு என்னைப் போன்ற கணித வாத்தியாரைக் கண்டால் பயம். நான் வாங்குவதைவிடக் கேள்வி கேட்பது அதிகம். ஒரு டிஸ்க் உள்ளதா, இரண்டு டிஸ்க் உள்ளதா? இரண்டு என்றால் ஒன்று பழுதானாலும் மற்றதில் அதே பிரதி இருக்கும். ரௌட்டருக்கு வயர் கொடுப்பதா, வைஃபையா? கரண்ட் போனால் என்ன ஆகும்? காற்றாடி சத்தம் போடுமா? அக்கரைப்பற்றுக் கடைக்காரர் கடைசியில், "சேர், இது ஒரு பெட்டி. பொண்ணு பாக்கிற மாதிரிப் பாக்காதீங்க" என்றார். அவரிடமே இரண்டு டிஸ்க் பெட்டி ஒன்றை வாங்கினேன்.

மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"அதுக்குப் பூட்டு இரிக்கா?"

"பூட்டில்ல. பாஸ்வேர்ட் இரிக்கி."

"அது ஆருட்ட?"

"என்னட்டத்தான். நான்தானே அட்மின்." சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததை மறுக்க மாட்டேன். இந்த வீட்டில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு திறப்பு.

அவள் இடுப்பில் இருந்த திறப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அப்படிப்பட்டதைக் கவனிக்கும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதற்கே ஒரு வாரம் போனது. ஹோலில் வைத்தால் அசிங்கம், குசினியில் வைத்தால் எண்ணெய், ஜன்னல் பக்கம் வைத்தால் கடற்காற்று. இறுதியில் டீவி மேசைக்குக் கீழே அனுமதி கிடைத்தது. நீல வெளிச்சம் எரிந்தது. எங்கள் வைஃபை மதிலைத் தாண்டித் தங்கை வீட்டுக்கும் போகிறது. மாதக் கட்டணத்தை இரண்டு வீடும் பங்கு போட்டுக் கட்டுகிறோம். ஆகவே பெட்டியும் இயல்பாகவே இரண்டு வீட்டுக்கும் பொதுவாயிற்று. தங்கையின் மாப்பிள்ளை, என் சகலன், வயல் செய்கிறவர். என்னைப் பகிடி பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு செமிக்காது. அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடுகிற அவர் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"காக்கா, இது என்ன செய்யும்?"

"எல்லாத்தையும் பாதுகாக்கும்."

"நெல்லுப் போடேலுமா?"

"படம், வீடியோ, மார்க்கப் பயான், எல்லாம் போடலாம். உங்கட டீவியிலயே வரும்."

"ம். அப்ப, கரண்ட் தின்னுற மாப்பிள ஒண்டு வந்து சேந்திரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு டீவீடியைப் பிரதி எடுக்கும் நாள் வந்தது. என்னுடைய பழைய லெப்டொப்பில்தான் டிஸ்க் போடும் வாய் இருந்தது. ஆனால் நான் திரையைப் பார்க்கக் கூடாது. மனைவி லெப்டொப்பின் முன்னால். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கதிரையில். கண்ணைக் கட்டிக்கொண்டு உழவு மெஷின் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

"பச்சைக் கோடு ஓடுதா?"

"ஓடுது."

"எத்தின வீதம்?"

"நீங்க திரும்பாதீங்க."

"நான் திரும்பல்ல. வீதத்தத்தான் கேக்கிறன்."

மாமி நின்ற இடத்தில் கோடும் நின்றது. மனைவி பிஸ்மி சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சுவரில் ஒரு பல்லி, அதுவும் அசையவில்லை. டிஸ்க் உள்ளே கரகரவென்று முனகியது, பிறகு கோடு மெல்ல நகர்ந்தது. லெப்டொப்புக்கு டீவீடி பிளேயரைவிடப் பொறுமை அதிகம். ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும்.

"முடிஞ்சிது. எங்க போடுறெண்டு கேக்கிது. போல்டர் பேர் கனக்க இரிக்கி."

"முதலாவதா இரிக்கிறதுக்குள்ள போடு" என்றேன் சுவரிடம்.

முதலாவதாக இருந்த போல்டருக்குப் பெயர் 'பொது'. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அவள் அதற்குள் போட்டாள். திறந்து பார்த்தாள். மாமி நிற்காமல் கதைத்திருக்க வேண்டும். எனக்குப் பின்னால் ஒரு விம்மலும் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. அன்று எனக்குக் கிடைத்த தேத்தண்ணியில் பால் கட்டியாகவும் சீனி கூடுதலாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சகலன் வீட்டுக்கு நாலைந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நெல் மில் ஆட்கள், தாடி வைத்த கண்ணியமான மனிதர்கள். சாப்பாடு வரும்வரை கிரிக்கெட் பார்க்கலாம் என்று அவர் டீவியைப் போட்டிருக்கிறார். நான் வாங்கிய பெட்டிக்கு ஒரு குணம். அதை யாரும் கேட்காமலே செய்யும். 'பொது'வுக்குள் விழுந்த எந்த வீடியோவையும் வீட்டிலுள்ள டீவிகளுக்கெல்லாம் அறிவித்துவிடும், முகப்பில் ஒரு படத்தோடு. 'புதிதாக வந்தவை' என்ற வரிசையில் முதலாவதாக எங்கள் கல்யாணப் பெண்கள் பக்கம், பூவும் நகையுமாக, சிரித்துக்கொண்டு.

சகலன் நல்ல மனிதர். பொத்தானைத் தேடவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து டீவியின் மேல் எறிந்துவிட்டு அதற்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். விருந்தாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே சுழலும் காற்றாடியை ஆராயத் தொடங்கினார்கள் என்று பிறகு சொன்னார். நின்ற இடத்திலிருந்தே மதில் அதிரக் கத்தினார்:

"காக்கா! பெட்டிய நிப்பாட்டுங்க! வளவுப் பொம்புளையெல்லாம் டீவிக்க வந்திட்டாங்க!"

நான் ஓடினேன். லெப்டொப்பைத் திறந்தேன். அட்மின் பாஸ்வேர்ட் கேட்டது. நான் பெருமையாக வைத்திருந்த, எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த அந்தப் பாஸ்வேர்ட் தலைக்குள்ளிருந்து கிளம்பி எங்கேயோ போய்விட்டது. மூன்று தடவை பிழையாக அடித்தேன். மனைவி வந்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பாஸ்வேர்ட் தேவைப்படாத ஒரே வழி அதுதான்.

யாரும் ஒரு சின்னப் படத்துக்கு மேல் பார்க்கவில்லை. அதை அவளிடம் எவ்வளவோ சொன்னேன்.

"என்ட முகம் போனாப் போகட்டும்" என்றாள். "அதுல எத்தின பொம்புளையள் இரிக்காங்க. ஆரும் பாக்க மாட்டாங்க எண்டு நம்பித்தானே எங்கட ஊட்டுல வந்து பாடினாங்க. அது அமானிதம். உங்கட கையில தந்தன்."

அமானிதம் என்றால் பிறர் நம்பி ஒப்படைத்த பொருள். மறுமையில் அதற்குத் தனியாகக் கேள்வி இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பெட்டியையும் டீவீடியையும் சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சகலன் மட்டும் மதில் இடைவெளியால் எட்டிப் பார்த்து, "இப்பதான் காக்கா அது உண்மையாப் பாதுகாக்கிது" என்றார்.

சில நாள் கழித்து அக்காவும் தங்கையும் பழைய பிளேயரில் டீவீடியைப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. லெப்டொப்பில் போட்டார்கள். டிஸ்க் சுழன்று சுழன்று கடைசியில் தன்னை வெற்று டிஸ்க் என்றது. இனி மாமி இருப்பது பெட்டிக்குள் மட்டும்தான். அந்தப் பெட்டியையோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கி நிறுத்தியிருக்கிறோம். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது கெட்டுப்போகவும் கூடும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். அவள் அலுமாரியைத் திறந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"படிப்பிங்க" என்றாள்.

"என்னத்த?"

"எல்லாத்தையும். நீங்க செய்ய வேணா. எனக்குப் படிப்பிங்க. நான் செய்யிறன்."

வயரைக் கொடுத்தோம். நீல வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் சிவப்பு மினுங்கியது. மினுங்கிக்கொண்டே இருந்தது. பெட்டி தன் டிஸ்க்குகளைச் சோதித்துப் பார்க்கிறது என்று நான் விளக்கினேன். அவள் சலவாத்து ஓதிக்கொண்டிருந்தாள். நானும் வாய்க்குள் ஓதினேன். இத்தனை வருடமும் மீன் துண்டு தந்த கையைத் தவிர வேறு எதையும் சரியாகக் காணாத நான், அந்த முகத்துக்காக இவ்வளவு பயந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லி முடிந்த பிறகுதான் நீலம் வந்தது. அன்று ஓடிப்போன பாஸ்வேர்டும் தலைக்குள் திரும்பி வந்திருந்தது.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் இப்படி ஒரு மாணவியை நான் கண்டதில்லை. நான் பெட்டி வாங்கும்போது கேட்காத கேள்விகளை எல்லாம் அவள் கேட்டாள்.

"இந்தப் 'பொது' எண்டுறது ஆரு?"

"வைஃபைல இரிக்கிற எல்லாரும்."

"தங்கச்சிட ஊட்டுக்கு வாற விருந்தாளியுமா?"

"வைஃபை குடுத்தா, ஓம்."

"அப்ப முதல்ல அதச் சாத்தணும்."

பெட்டி டீவிகளுக்கு அறிவிக்கும் பழக்கத்தை நிறுத்தினாள். 'பொது'வில் பயானையும் கிரிக்கெட்டையும் மட்டும் விட்டாள். பெண்களுக்கென்று ஒரு போல்டர் செய்து, தனக்கும் தங்கைக்கும் மட்டும் வழி விட்டாள். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தாலும் பெட்டியே போனால் இரண்டும் போகும்தானே என்று கேட்டு, இன்னொரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்துத் தங்கையின் அலுமாரியில் வைத்தாள். கடைசியாக அட்மின் பெயரை மாற்றி, புதிய பாஸ்வேர்ட் போடும் நேரம் வந்தது.

"திரும்புங்க" என்றாள்.

நான் பழகிய சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பி இருந்தேன். எனக்கென்று ஒரு திறப்பு இருந்த காலம் அத்துடன் முடிந்தது.

பிறகு அக்காவும் தங்கையும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் ஹோலில் பேப்பர் பார்க்கிற மாதிரி இருந்தேன். பாட்டுச் சத்தம், கைதட்டல். அதன் பிறகு ஒரு குரல். பூனையிடம் கேட்கிற அதே குரல், ஆனால் உரத்து, சிரித்துக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல். முன்பு நான் இருந்த இடத்தில் இருக்க, மாமி கதவுக்குப் பின்னால் நிற்பார். இப்போதும் அப்படித்தான். வார்த்தைகள் பிடிபடவில்லை. உள்ளே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் பாடசாலை விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி என் போனை எடுத்து ஏதோ செய்து மேசையில் வைத்தாள்.

"உங்களுக்கும் ஒரு போல்டர் வெச்சிரிக்கன். பாக்க மட்டும்தான் ஏலும். அழிக்கவும் ஏலா, அனுப்பவும் ஏலா."

"நான் பாக்கலாமா?"

"அதுல உம்மாட முகத்தத் தவிர வேற ஆருட முகமும் இல்ல. ஓரமெல்லாம் வெட்டிட்டன். உம்மா உங்களுக்கு மஹ்ரம்தானே, முகம் பாத்தா மார்க்கத்துல குத்தமில்ல. அவக்குத்தான் வெட்கம்." சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

போல்டரின் பெயர் 'மாப்பிள்ளை'. உள்ளே ஒரே ஒரு துண்டு வீடியோ. திறந்தேன்.

மாமி நேராக என்னைப் பார்த்தார். வட்ட முகம், மூக்கில் ஒரு சின்ன மச்சம். அடையாள அட்டைப் படத்தில் தெரியாத அப்படியொரு மச்சம் இருந்ததே எனக்குத் தெரியாது. அப்போதுதான் நான் பாலைக் கொட்டிவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். சுற்றி நின்று யாரோ கெக்கலி கொட்டுகிறார்கள். மாமி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு மகளிடம் சொல்கிறார்:

"பால் கோப்பயப் புடிக்கத் தெரியா மருமகனுக்கு. இஞ்ச பாருகா மகள், ஊட்டுத் தெறப்ப மட்டும் அவர்ட கையில குடுத்திராத."

எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமும் என்னை யார் ஆண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. போனை வைக்கப் போனேன். வீடியோ முடியவில்லை. மாமி சிரிப்பை முந்தானையால் துடைத்தார். குரல் தாழ்ந்தது.

"கையெல்லாம் நடுங்கிப் போச்சி புள்ளைக்கு. தாய உட்டுட்டு வந்திரிக்கிற புள்ள. பசிச்சாலும் வாய் தொறந்து கேக்காது. நீதான் கேட்டுக் கேட்டுக் குடுக்கணும், என்ன?"

அத்தோடு நின்றது. கெட்டுப்போய் நிற்கவில்லை, துண்டு அவ்வளவுதான்.

மகளிடம் ஒப்படைத்த வேலையை மாமி நம்பாமல் தானே செய்திருக்கிறார், பூனையை நடுவில் வைத்துக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது. தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. திரையில் நின்ற முகத்தைப் பார்த்து, "காணும் மாமி" என்றேன். "வயிறு நெறஞ்சி போச்சி."

குசினிக் கதவுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆரோட கதைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"பூனையோட" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கால் ஒரு கை நீண்டது. அதில் இன்னொரு துண்டு மீன் இருந்தது.